மற்ற வரிசைக்கும் அவ்வாறே

மார்ச் 3, செவ்வாய்

கடைசித் தேர்வும் முடிந்தது. விரல் நுனியெல்லாம் மை. சாப்பாட்டு அறையில் முகாம் மொத்தமும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தது. யாரும் யாருடைய விடையையும் கேட்கவில்லை. தன்னுடையதைச் சொல்லத்தான் எல்லோருக்கும் அவசரம்.

இன்றைய மூன்றாவது கணக்கு ஓர் அசமன்பாடு. a, b, c மூன்றும் பூச்சியமோ அதற்கு மேலோ, கூட்டினால் 3. அப்படியானால் a²b + b²c + c²a + abc எந்நாளும் 4-ஐத் தாண்டாது என்று காட்ட வேண்டும். பார்க்கச் சாது. கிட்டப் போனால் கடிக்கும். மூன்றும் 1 என்று போட்டால் சரியாக 4. சரி, கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரிக்குக் குறையாது என்ற பழைய கருவியை எடுத்தால் ஆயிற்று என்று நினைத்தேன். பிறகு சும்மா 2, 1, 0 போட்டுப் பார்த்தேன். அங்கேயும் 4! அந்தக் கருவியில் எல்லாம் சமமாக இருக்கும்போது மட்டும்தான் சமம் வரும். இதுவோ ஓர் ஓரத்தில், பூச்சியத்தின் பக்கத்தில் போய், இன்னொரு தடவை தொட்டுவிட்டு வருகிறது.

மூன்று பக்கம் விரித்து, கூட்டி, கழித்து, ஒருவழியாகக் கரை சேர்ந்தேன். அழகான நிரூபணம் இல்லை. பீரோவைத் தலையில் வைத்துக்கொண்டு மாடி ஏறியது மாதிரி. ஏறிவிட்டேன் இல்லையா, போதும்.

அறைத்தோழி ரப்பர் அரைப் பக்கத்தில் முடித்தாளாம். எழுதுவதைவிட அழிப்பது அதிகம் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். எனக்கு வக்கீல் என்று பெயர். காரணத்தை நானே எழுதிக்கொள்ள மாட்டேன்.

மார்ச் 4

உலகக் கணிதப் போட்டிக்கு ஆறு பேர் அணியாகப் போவார்கள். ஏழாவது ஆள் மாற்று ஆள் — அணியோடு தங்கிப் பயிற்சி எடுக்கலாம், யாருக்காவது காய்ச்சல் வந்தால் விமானம் ஏறலாம். மற்றவர்கள் பதினைந்தாம் தேதி பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அம்மா போன் செய்தாள். "தையல் கடைல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டி."

"என்னம்மா சொன்ன?"

"நீ போறன்னு."

"இன்னும் முடிவே வரலம்மா."

"வரும்ல?"

மார்ச் 6

ரப்பர் ஆறு. நான் ஏழு. நடுவில் ஒரே ஒரு மதிப்பெண்.

கட்டிப்பிடித்தேன். நிஜமாகத்தான் கட்டிப்பிடித்தேன். அவள் என் தோளில் அழுதாள், நானும் அழுதேன். இரண்டு அழுகையும் ஒன்றா என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

மூன்றாவது கணக்குக்கு வந்தவற்றில் மிக அழகானது என்று ரப்பரின் விடையை மேடம் நகல் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். மேடம்தான் முகாமின் தலைமைப் பயிற்சியாளர். சுலபத்தில் பாராட்ட மாட்டார். "பாருங்க, மூச்சு விடுற மாதிரி எழுதியிருக்கா" என்றார். ரப்பரின் காது சிவந்துவிட்டது.

மதியம் எல்லோரும் பந்து விளையாடப் போனார்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து அந்த நகலைப் படித்தேன். பொறாமையில் இல்லை, அந்த அரைப் பக்கத்தைக் கற்றுக்கொள்ளத்தான்.

எனக்கு அசமன்பாடுகள் பிடிப்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. சமன்பாடு 'இது இதுதான்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அசமன்பாடு ஓர் எல்லையைச் சொல்லும். நீ என்ன எண் வேண்டுமானாலும் கொண்டு வா, கோடி வருடம் உட்கார்ந்து தேடு, இதைத் தாண்ட மாட்டாய். இவ்வளவு பெரிய வாக்குறுதிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டிக்கொண்டே போனால், கடைசியில் ஒரு குட்டி விஷயம்: எந்த எண்ணையும் அதனாலேயே பெருக்கினால் குறை எண் வராது. அவ்வளவுதான் அஸ்திவாரம். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

ரப்பரின் வழி இதுதான். b(a + c)² என்பதை எடுக்கிறாள். அதிலிருந்து கணக்கில் உள்ள கோவையைக் கழித்தால் மிஞ்சுவது c(a − b)(b − c). a ≥ b ≥ c என்றால் அது குறை எண் ஆகாது. ஆகவே நம் கோவை b(a + c)²-ஐத் தாண்டாது. a + c என்பது 3 − b. அப்புறம் 2b, 3 − b, 3 − b என்ற மூன்றுக்கும் கூட்டுச் சராசரி, பெருக்குச் சராசரி. 4 வந்துவிட்டது. இரண்டு இடங்களிலும் தொடுகிறது, 1, 1, 1-லும் 2, 1, 0-விலும். நிஜமாகவே மூச்சு விடுகிற மாதிரிதான்.

இரண்டாம் முறை படிக்கும்போதுதான் முதல் வரியில் நின்றேன். "பொதுத்தன்மை குறையாமல், a ≥ b ≥ c என்க."

குறைகிறதே.

a, b, c-ஐ எப்படி மாற்றிப் போட்டாலும் கோவை மாறாது என்றால்தான் 'பெரியவனுக்கு a என்று பெயர், நடுவனுக்கு b, சின்னவனுக்கு c' என்று நம் வசதிக்குப் பெயர் வைக்கலாம். இது அப்படிப்பட்ட கோவை இல்லை. வட்டமாகச் சுற்றலாம், அவ்வளவுதான். திருப்பிப் போட முடியாது. 2, 1, 0 போட்டால் 4. 0, 1, 2 போட்டால் 2. போட்டுப் பார்த்தேன். மறுபடி போட்டுப் பார்த்தேன்.

வரிசைகளில் பாதியை அவள் தொடவே இல்லை.

இவ்வளவுக்கும் அந்தப் பாதியிலும் அவளுடைய வரி அப்படியே நிற்கும். "b நடுவில் இருக்கட்டும்" என்று மட்டும் எழுதியிருந்தால் முழுசும் சரி. வட்டமாகச் சுற்றி நடுவனை b-யின் இடத்துக்குக் கொண்டுவர எப்போதும் முடியும். ஆனால் அவள் அதை எழுதவில்லை. முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள்.

மேடமும் பார்க்கவில்லை. நான் மட்டும் ஏன் பார்த்தேன்?

மார்ச் 9

இதை எழுதக் கூசுகிறது, ஆனால் இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது. நேற்று அந்த வரியைக் கண்டுபிடித்தவுடன் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். கால் விரல் வரைக்கும் சந்தோஷம். அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

சொன்னால், தப்பைச் சொன்னவளா, இடத்தைப் பறித்தவளா? இரண்டையும் பிரிக்க முடியுமா? எட்டாவதாக வந்த பையன் இதைக் கண்டுபிடித்திருந்தால் எவ்வளவு சுத்தமாக இருந்திருக்கும். அவன் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். வண்டி சும்மா நிற்கும்போது மட்டும் எடுப்பான். முழுக்கக் கேட்டுவிட்டு, "சொன்னா அவ உன்னைத் திட்டுவா. சொல்லலைன்னா நீயே உன்னைத் திட்டிப்ப. யாரு திட்டுனா உனக்கு சீக்கிரம் ஆறும்?" என்றான்.

"நீ என்ன செய்வ?"

"எனக்கு அந்த a, b எல்லாம் தெரியாதுப்பா. ஆனா சொல்றதா இருந்தா அவகிட்ட சொல்லு. அவளைத் தாண்டிப் போய்ச் சொல்லாத." அதற்குள் அழைப்பு வந்து வைத்துவிட்டான்.

மார்ச் 10

சொல்லிவிட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். நகலை நீட்டி முதல் வரியைக் காட்டினேன். 2, 1, 0 என்றேன், 0, 1, 2 என்றேன். நான் பேசி முடிப்பதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல. எங்க அண்ணன்கிட்ட மட்டும். அவனுக்குக் கணக்கே தெரியாது."

"எத்தனை நாளா தேடிட்டு இருந்த?"

"தேடலடி. படிச்சேன்."

"ஏழாவதா வந்தவ ஆறாவதா வந்தவ பேப்பரைப் 'படிச்சா'." அந்தப் 'படிச்சா'வை அவள் சொன்ன விதம்! "வக்கீல்னு சும்மாவா பேரு வெச்சாங்க. போ, போய்க் கேஸ் போடு. உன் சீட்டை நீயே எடுத்துக்கோ."

சீட்டு வேண்டாம் என்று சொன்னால் பொய். வேணும். எனக்கு வேணும்தான். அதுக்காகச் சொல்லல — அதுவும் முழு உண்மையான்னு எனக்கே தெரியல.

மார்ச் 11

இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு கை அகலம் இடைவெளி. கடல் மாதிரி இருக்கிறது.

மார்ச் 12

காலையில் நான் பல் துலக்கிவிட்டு வந்தபோது ரப்பர் என் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் என் விடைத்தாள். திருத்திய தாள்களைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். என்னுடையதை மேசை மேலேயே போட்டு வைத்திருந்தேன்.

"ராத்திரி தூக்கம் வரல. அதான் உன்னோடதைப் 'படிச்சேன்'" என்றாள். மூன்றாவது பக்கத்தின் அடியில் விரலை வைத்தாள்.

அங்கே என் கையெழுத்தில், நல்ல தெளிவாக: "மற்ற வரிசைக்கும் அவ்வாறே."

மூன்று பக்கமும் a ≥ b ≥ c என்று வைத்துக்கொண்டுதான் விரித்திருக்கிறேன். இன்னொரு வகை வரிசை இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தே இருக்கிறது. தெரிந்ததால்தானே அந்த வரியை எழுதினேன்! ஆனால் அங்கே போய்ப் பார்க்கவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது, 'அவ்வாறே' என்று போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குத் தாவிவிட்டேன். அங்கே விரித்தால் வேறு எண்கள் வரும். அவ்வாறு இல்லவே இல்லை. திருத்தியவர் மூன்று பக்க விரிவைச் சரிபார்த்துக் களைத்துப்போய் முழு மதிப்பெண் போட்டுவிட்டிருக்கிறார்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"என்னோடது ஒரு வார்த்தைல போச்சு. உன்னோடதுல பாதி நிரூபணமே இல்ல" என்றாள். சந்தோஷமாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

தாளை மூடி வைத்துவிட்டு, மெதுவாக: "நீயும் சொல்ல வேணாம். நானும் சொல்லல. நான் ஆறு, நீ ஏழு. அப்படியே இருக்கட்டும். ரெண்டு பேரும் இங்கயே இருக்கலாம்."

நான் தலையாட்டினேன். ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி

பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தோம், பக்கத்தில் பக்கத்தில். பேசினோம் கூட. பென்சில் கேட்டாள், கொடுத்தேன். எல்லாம் சரியாகிவிட்டது மாதிரி இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

இந்த நான்கு நாளாக நான் அவள் தாளில் ஒரு வரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நியாயம், உண்மை என்று எனக்குள்ளேயே பெரிய வாதம் நடத்திக்கொண்டிருந்தேன். அதே பள்ளத்தை, அதைவிட ஆழமாக, என் தாளில் தோண்டி வைத்துக்கொண்டு. அவள் தாளை இரண்டு முறை படித்தேன். என்னுடையதை ஒரு முறையாவது படித்தேனா? முழு மதிப்பெண்ணைப் பார்த்தவுடன் மூடி வைத்துவிட்டேன். சரி என்று யாராவது சொல்லிவிட்டால் நான் திரும்பிப் பார்ப்பதே இல்லை போலிருக்கிறது.

ஒன்று மட்டும் தெளிவாகிவிட்டது. அவள் தாளைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் அதில் என் இடம் கலந்திருக்கும். பிரிக்க முடியாது. என் தாளைப் பற்றிச் சொன்னால் அதில் எதுவும் கலக்காது. நஷ்டம் மட்டும்தான்.

அம்மா தையல் கடை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். ஏழாவது என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்கவே அவளுக்கு ஒரு நாள் ஆனதாம்.

மார்ச் 14

காலை உணவு முடிந்ததும் மேடத்தின் அறைக்குப் போனேன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தாளை வைத்தேன், கடைசி வரியைக் காட்டினேன். "இது நான் நிரூபிக்கல மேடம். நிரூபிச்ச மாதிரி எழுதிட்டேன்."

படித்தார். முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தார். வெண்ணெய்க் கத்தி கையிலேயே இருந்தது. "நாங்க பாத்திருக்கணும்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதால நீ மாற்று ஆளாக்கூட இருக்க முடியாம போகலாம். தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல மேடம்."

அவர் என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அறைக்கு வந்து ரப்பரிடம் சொன்னேன். "என்னோடதை மட்டும் குடுத்துட்டேன். உன்னோடதைப் பத்தி ஒண்ணும் பேசல. பேசவும் மாட்டேன்." அவள் என்னை முறைத்தாள். "லூசு" என்றாள். "லூசு, லூசு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" அழுதுகொண்டே செருப்பைத் தேடினாள். ஒன்று கிடைத்தது, இன்னொன்று கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு போனாள், மேடத்தின் அறைப் பக்கம்.

மார்ச் 15

மூன்றாவது கணக்கை எல்லோருக்கும் மறுபடி திருத்தினார்கள். ரப்பருக்கு ஒன்று குறைந்தது. அவளுடைய முக்கிய வரி எல்லா வரிசைக்கும் நிற்கிறது என்பதால் அவ்வளவோடு விட்டார்கள். எனக்கு மூன்று குறைந்தது. அவள் இன்னும் ஆறாவதுதான். எட்டாவது பையன் மாற்று ஆள் ஆகிவிட்டான். எழுப்பிச் சொன்னார்களாம். நான் ஒன்பது.

அதாவது, நான் வாயே திறக்காமல் இருந்திருந்தால் மாற்று ஆளாகவாவது இருந்திருப்பேன். அவளைக் காட்டிக்கொடுத்திருந்தாலும் இப்படித்தான் எல்லோருக்கும் மறுபடி திருத்தியிருப்பார்கள், எனக்கு மூன்று போயிருக்கும், அவள் ஆறாவதாகத்தான் இருந்திருப்பாள். என்ன செய்திருந்தாலும் அந்த இடம் எனக்கு இல்லை. இதை நினைத்துச் சிரிப்பதா என்று பார்த்தேன். இன்னும் சிரிப்பு வரவில்லை.

பெட்டி கட்டியாயிற்று. ரப்பர் என் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து மூடிக் கொடுத்தாள். பேருந்து கிளம்பும்போது சன்னலுக்கு வெளியே நின்று ஏதோ சொன்னாள். கண்ணாடி மூடியிருந்தது. நான் தலையை ஆட்டி வைத்தேன்.

மார்ச் 17

வீடு. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காக எவ்வளவு பேசினாள்! திரைச்சீலைத் துணி விலை, பக்கத்து வீட்டுக் குழாய், அண்ணன் முடி வெட்டிக்கொள்ளாதது. சாப்பிட்டுக் கை கழுவும்போது மட்டும், பின்னால் நின்றுகொண்டு, "கடைல நான் சொல்லிக்கறேன். நீ அதை நெனச்சுக்காத" என்றாள்.

அப்போதுதான் அழுகை வந்தது. குழாயைத் திறந்தே வைத்திருந்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

அம்மா துணி வெட்டும் மேசையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டேன். நான் விட்டுவிட்டு வந்த வரிசையை இன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன். ரப்பரின் வழியைக் கடன் வாங்கக் கூடாது, என் வழியிலேயே முடிக்க வேண்டும் என்று பிடிவாதம்.

a²b + b²c + c²a-வை எழுதி, திருப்பிப் போட்டால் வருவதைக் கழித்தேன். அதாவது ab² + bc² + ca². என்ன மிஞ்சுகிறது? (a − b)(b − c)(a − c). a ≥ b ≥ c என்றால் மூன்று அடைப்பும் குறை எண் இல்லை. அப்படியென்றால் திருப்பிப் போட்டதன் மதிப்பு குறைவாகத்தான் இருக்கும், கூடாது. முதல் வரிசையிலேயே 4-ஐத் தாண்டாது என்று மூன்று பக்கம் மாரடித்து நிரூபித்தாயிற்று. இரண்டாவது வரிசை அதற்கும் கீழே. முடிந்தது.

ஒரு வரி. ஒரே ஒரு வரி! 4-க்கும் 2-க்கும் இருந்த வித்தியாசம் என் கண் முன்னாலேயே இருந்தது. ஏன் குறைகிறது என்று கேட்டிருந்தால் போதும்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அம்மா கத்தரியோடு நின்று, "என்னடி தனியா சிரிக்கற?" என்றாள்.

"ஒண்ணு முடிஞ்சுதும்மா."

"அப்ப மேசையை விடு. துணி விரிக்கணும்."

ஜூலை 18

ரப்பருக்கு வெண்கலம். அவள் சொல்லவில்லை, இணையத்தில் பார்த்தேன். வாழ்த்து அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை.

ஜூலை 20

பதில் வந்தது. "ஊர் பூரா போன் பண்றாங்க. உன்கூடத்தான் பேசணும்னு இருந்துச்சு, அதான் கடைசியா வெச்சேன். எப்ப எடுப்ப?"

எடுத்தேன். நிறையப் பேசினோம். நடுவில், பேருந்துச் சன்னலுக்கு வெளியே என்ன சொன்னாய் என்று கேட்டேன். "ஞாபகமில்ல. சன்னலைத் தெறன்னு சொல்லியிருப்பேன்" என்றாள்.

பிப்ரவரி 6

இளையோர் முகாமுக்கு விடைத்தாள் திருத்த முன்னாள் மாணவர்களைக் கூப்பிடுகிறார்கள். மேடம் தானே போன் செய்தார். "நம்மகிட்ட இருக்கறவங்க எல்லாம் விடை சரியான்னு பாக்கறாங்க. எனக்கு நடுவுல விட்டுப்போனதைப் பாக்கற ஆள் வேணும். ரெண்டு ரெண்டு பேரா திருத்தணும். உன்கூட யாரைப் போடட்டும்?"

சொன்னேன். "அவளும் உன் பேரைத்தான் சொன்னா" என்றார்.

பிப்ரவரி 20, சனி

காலையிலிருந்து ஒரே தாளில் நிற்கிறோம்.

பதின்மூன்று வயதுக் குழந்தை. மூன்று எண்களின் கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரிக்குக் குறையாது என்று காட்டச் சொன்னது கேள்வி. முதலில் இரண்டு எண்ணுக்குக் காட்டியிருக்கிறது. இரண்டிலிருந்து நான்குக்குப் போயிருக்கிறது. அப்புறம் நான்காவது எண்ணாக அந்த மூன்றின் சராசரியையே கொண்டு வந்து உட்கார வைத்து, நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கி வந்திருக்கிறது. யாரோ சொல்லிக் கொடுத்த எழுத்து மாதிரி இல்லை. அடித்திருப்பதும் கிறுக்கியிருப்பதும் பார்த்தால் அங்கேயே, அந்த மேசையிலேயே கண்டுபிடித்த மாதிரி இருக்கிறது. ஆனால் ஓர் இடத்தில் அந்தச் சராசரியால் வகுக்கிறது. மூன்றும் பூச்சியமாக இருந்தால் என்ன ஆகும் என்று எழுதவில்லை.

"ஒண்ணு குறை" என்றாள் ரப்பர்.

"குறைக்கக் கூடாது. கேள்வியிலயே மிகை எண்கள்னு இருக்கு."

"இல்ல, பூச்சியமும் வரலாம்னு இருக்கு. இன்னொரு தடவை படி."

"எங்க இருக்கு? காட்டு."

"குழந்தை மேல பாசம் வந்தா கேள்வியையே மாத்திடுவியா நீ?"

பக்கத்து அறையிலிருந்து ஒருவர் வந்து, கொஞ்சம் மெதுவாக வாதாடச் சொன்னார். ரப்பர் எழுந்து டீ வாங்கப் போயிருக்கிறாள். அவள் திரும்பி வருவதற்குள் கேள்வியை ஒரு தடவை முழுசாகப் படித்துவிட வேண்டும். அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது.